ஏழு டாலர் வேண்டாம் என்றவர்கள்

பாஸ்டனில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மாலை. அதை 54ஆம் மாசசூசெட்ஸ் காலாட்படைக்கே கொடுத்துவிட்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களை எதிர்த்து வடக்குக்காகப் போரிட்ட கறுப்பின வீரர்களின் படைப்பிரிவு அது. பாஸ்டன் காமன் பூங்காவின் ஓரத்தில், மாநில சட்டமன்றக் கட்டடத்துக்கு நேரெதிரே அவர்களுடைய வெண்கலச் சிற்பம் இருக்கிறது. அகஸ்டஸ் செயிண்ட்-காடன்ஸ் ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது, திறந்தது 1897இல்.

குதிரைமேல் அவர்களின் தளபதி கர்னல் ராபர்ட் ஷா, வெள்ளையர். அவரை ஒட்டி நடக்கும் கறுப்பின வீரர்களில் ஒரு முகம்போல இன்னொன்று இல்லை. தாடிக்காரர் ஒருவர், மீசை அரும்பாத பையன் ஒருவன். 1863 மே 28 அன்று இதே பீக்கன் தெரு வழியாக நடந்துபோய்த்தான் கப்பலேறினார்கள்.

ஜூலை 18இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே, தெற்குப் படையின் வசமிருந்த வாக்னர் கோட்டைமீது தாக்குதல். போனவர்கள் சுமார் 600. செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து 270 பேர் வரை. ஷாவும் அங்கேயே விழுந்தார். தெற்குப் படையினர் அவரை வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். மகன் அங்கேயே இருக்கட்டும் என்றார் தந்தை.

இந்தச் சண்டையைப் பலரும் அறிவார்கள். என்னை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தது சம்பளக் கதை. வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். அதே சம்பளம் என்று சொல்லித்தான் இவர்களையும் சேர்த்தார்கள். கொடுக்க வந்தது 10; அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். அந்த ஏழு டாலரை இவர்கள் தொடவே இல்லை. மிச்சத்தை நாங்கள் போடுகிறோம் என்று மாநில அரசு முன்வந்தபோதும் மறுத்துவிட்டார்கள். வீட்டில் பெண்டு பிள்ளைகள் பட்டினி. ஆனாலும் கைநீட்டவில்லை.

சம்பளம் வாங்காமலேதான் 1864 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஓலஸ்டீயில் சண்டை போட்டார்கள். வடக்குப் படை தோற்றுப் பின்வாங்கியது. காயம்பட்டவர்களை ஏற்றிய ரயிலின் எஞ்சின் வழியில் பழுதாகி நின்றுவிட, இவர்கள் திரும்பிப் போய், கயிறு கட்டி அந்த ரயிலைக் கையாலேயே மைல் கணக்கில் இழுத்துவந்தார்கள். அன்றைக்கும் அவர்கள் கையில் ஒரு டாலர் சம்பளம் வந்திருக்கவில்லை. சம ஊதியத்துக்குச் சட்டம் வந்தது ஜூனில். பணம் வர இன்னும் சில மாதங்கள் ஆனது.

அப்புறம் சிற்பத்தின் பின்பக்கம் போனேன். முதலில் அங்கே வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. வாக்னரில் இறந்த வீரர்களின் பெயர்களைப் பொறித்தது 1980களில்தான். ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். முடிப்பதற்குள் தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன.