கேள்விக்கேற்ற பொத்தான்

சென்ற மாதம் மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, கண் பரிசோதனைக்கு நேரம் பதிவு செய்து தரும்படி அவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நான் நிரப்பினால் இரண்டு நிமிட வேலைதான். ஆனால் திரை வடிவமைப்பையே தொழிலாகக் கொண்டவள் என்பதால், "நீங்களே செய்யுங்க பெரியம்மா, நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவருடைய விரலைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிறந்த தேதி கேட்ட இடத்தில் நாள், மாதம், ஆண்டு என்று மூன்று உருளைகள் இருந்தன. ஆண்டு உருளை நடப்பாண்டில் நின்றது. பெரியம்மா பிறந்தது 1957இல். கட்டைவிரலால் வேகமாகத் தள்ளினால் உருளை 1949 வரை ஓடியது, இழுத்துப் பிடித்தால் 1961க்குத் திரும்பியது. நான்காவது முயற்சியில் சரியான ஆண்டில் நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் விரலின் ஓரம் பட்டு, 14ஆக இருந்த நாள் 17ஆக மாறியிருந்ததை அவர் பார்க்கவில்லை. நான் சுட்டிக்காட்டியதும், "என் பொறந்த நாள் எனக்குத் தெரியாதா? அத எதுக்கு இப்படிச் சுத்தித் தேடணும்?" என்றார்.

அந்தக் கேள்விக்குள் எங்கள் தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்த விடையை எழுத விட வேண்டும். பார்த்து முடிவு செய்ய வேண்டிய விடையைத்தான் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கு எந்த நாள் வருவது என்பதற்கு நாட்காட்டி மிகப் பொருத்தமானது, ஏனெனில் அது எந்தக் கிழமை, எந்த நாள் விடுமுறை என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும். பிறந்த தேதிக்கு மூன்று சிறிய எழுத்துப் பெட்டிகளே போதும். பிரிட்டிஷ் அரசின் இணையச் சேவைகளுக்கான வடிவமைப்பு வழிகாட்டியும், நினைவில் இருக்கும் தேதிகளுக்கு இதையே பரிந்துரைக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போனால், அந்தக் கேள்வியே தேவையில்லை. அதே படிவத்தில் சற்று மேலே அடையாள அட்டை எண்ணைப் பெரியம்மா கொடுத்திருந்தார். மலேசிய அடையாள அட்டையான மைகாட்டின் எண்ணில் உள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள்தான். ஆண்டுக்கு இரண்டே இலக்கங்கள் என்பதால் நூற்றாண்டில் குழப்பம் வரலாம். அதற்காகக் கணித்த தேதியைக் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டால் போதும். மைகாட் இல்லாதவர்களுக்கு மட்டும் பெட்டிகளைத் திறக்கலாம்.

அடையாள அட்டை எண் என்றதும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த பிழை நினைவுக்கு வருகிறது. "எண்" என்ற பெயரை நம்பி, அதற்கு எண்களுக்கான உள்ளீட்டுப் பெட்டியை வைத்துவிட்டேன். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் அட்டை எண் பூஜ்யத்தில் தொடங்கும். அந்தப் பெட்டியோ அதைக் கணக்குக்குரிய எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிட்டது. போதாக்குறைக்கு, சில உலாவிகளில் பெட்டிக்குள் நின்றபடி சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் எண்ணே ஒன்று கூடும், ஒன்று குறையும். கூட்டவோ கழிக்கவோ போகாத எதுவும் எண் அன்று. அது எண்களால் எழுதப்பட்ட பெயர். அதற்கு எழுத்துப் பெட்டியை வைத்து, கைப்பேசியில் எண்பலகை மட்டும் தோன்றும்படி செய்வதே முறை.

பெயருக்கும் இதே கவனம் வேண்டும். நம்மில் பலருடைய அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) என்று இருக்கும். சாய்கோட்டை ஏற்காத பெட்டி, அட்டையில் உள்ளபடி பெயரை எழுதிய மனிதரைப் பார்த்து, "தவறான பெயர்" என்று சிவப்பு எழுத்தில் சொல்கிறது. இந்நாட்டில் தமிழருக்குப் படிவம் செய்யும் எவரும் இதை விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

தேர்வுக்கான பொத்தான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய கார் வானொலிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பு அழுத்தியது வெளியே வந்துவிடும்; வட்ட வடிவ ரேடியோ பொத்தானுக்குப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. பலவற்றில் ஒன்று என்றால் அது. எத்தனை வேண்டுமானாலும் என்றால் சதுரத் தேர்வுப்பெட்டி. டாகிள் எனப்படும், இயக்கவும் நிறுத்தவுமான பொத்தான் வீட்டு விளக்கின் சுவிட்சைப் போலத் தொட்ட கணமே வேலை செய்ய வேண்டும். "சேமி" பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும் இடத்தில் அதை வைப்பது பொய். கீழிறங்கும் பட்டியலை நான் கடைசியாகத்தான் எடுப்பேன், ஏனெனில் அது விடைகளை மறைத்து வைக்கிறது, நீளமான தமிழ்ச் சொற்களைப் பாதியில் வெட்டியும் விடுகிறது. 13 மாநிலங்களும் 3 கூட்டரசுப் பிரதேசங்களும் உள்ள பட்டியலுக்கு அது பொருந்தும் எனலாம். ஆனால் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்டாலே பெரும்பாலும் மாநிலம் தெரிந்துவிடும். எதை வைத்தாலும், வட்டத்தை மட்டுமின்றி அதன் அருகிலுள்ள சொல்லைத் தொட்டாலும் அது தேர்வாக வேண்டும். தொடும் இடத்துக்கு ஆப்பிள் நிறுவனம் திரை அளவில் 44 புள்ளி அகலமும் உயரமும் கேட்பது வயதான விரல்களுக்கு அதிகமே இல்லை.

பெரியம்மாவின் கதை அத்துடன் முடியவில்லை. நாள் மாற்ற வேண்டியிருந்ததால் மறுவாரம் பதிவை நீக்க முயன்றார். "பதிவை ரத்து செய்யவா?" என்று கேட்ட திரையின் அடியில் "சரி", "ரத்து செய்" என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. அவர் "ரத்து செய்" என்பதை அழுத்தினார். வேறு யார்தான் அதை அழுத்தமாட்டார்கள்? பதிவு அப்படியே இருந்தது, கேள்விதான் ரத்தாகியிருந்தது. மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

இப்போது தமிழ் வகுப்பு விடுமுறை முகாமுக்காக நான் செய்துகொண்டிருக்கும் படிவத்தில், அந்த இடத்தில் "பதிவை நீக்கு", "பதிவு அப்படியே இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிறிய திரையில் இடம் போதவில்லை. அதனால் ஒன்றன்கீழ் ஒன்றாக, நடுவே நன்றாக இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை ஆயர் ஈத்தாமுக்குக் கொண்டுபோய்ப் பெரியம்மாவின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.