லைட்டைக் கொஞ்சம் கீழே பார்த்து வையுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் ஓட்டுகிற எங்களைப் போன்றவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே திருவான்மியூரிலிருந்து கிளம்பிவிடுவோம். வெயில் ஏறுவதற்குள் மாமல்லபுரம் போய்த் திரும்பிவிட வேண்டும் என்பது கணக்கு. அப்படிப் போன ஒரு நாளில், முட்டுக்காடு பாலத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், பின்னால் மீன்கூடை கட்டிய பழைய சைக்கிளில் சாலையோரமாக எதிரே வந்த பெரியவர் ஒருவர், ஒரு கையால் கண்ணை மறைத்தபடி வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். என் ஹேண்டில்பாரில் அன்றுதான் முதன்முதலாக மாட்டிய விளக்கு, ஊரையே பகலாக்கிக் காட்டுவதுபோல் எரிந்துகொண்டிருந்தது. நானும் நின்றேன்.

"தம்பி, லைட்டைக் கொஞ்சம் கீழ பாத்து வைங்க. உங்களுக்கு ரோடு தெரியுது. எனக்கு எதுவுமே தெரியல" என்றார். குரலில் கோபம் இல்லை. அவர் சைக்கிளில் விளக்கே இல்லை. அதுவரை கண் பழகிய இருட்டில் நிம்மதியாக வந்துகொண்டிருந்தவரை நான்தான் குருடாக்கியிருந்தேன். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிடம் வரை ஆகும். அந்தப் பழக்கத்தைக் கெடுப்பதற்குச் சில நொடிகள் போதும்.

அந்த விளக்கை நான் அதன் பெட்டியில் போட்டிருந்த 2000 லூமென் என்ற எண்ணைப் பார்த்து மட்டுமே வாங்கியிருந்தேன். விளக்கு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் செய்கிற தவறு இதுதான். லூமென் என்பது ஒரு விளக்கு எல்லாத் திசையிலும் சேர்த்து வெளியிடுகிற மொத்த ஒளியின் அளவு. அந்த ஒளியில் எவ்வளவு சாலையில் விழுகிறது, எவ்வளவு மரக்கிளைகளுக்கும் எதிரே வருகிறவர் முகத்துக்கும் போகிறது என்பதை அந்த எண் சொல்லாது. நமக்கு வேண்டியது, குறிப்பிட்ட தூரத்தில் ஓரிடத்தின்மேல் விழுகிற ஒளியின் அளவான லக்ஸ். பத்து மீட்டரில் 80 லக்ஸ் தருகிற விளக்கு இருபது மீட்டரில் 20 லக்ஸும், நாற்பது மீட்டரில் 5 லக்ஸும்தான் தரும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். எனவே வெளிச்சத்தைச் சிதறவிடாமல் சாலையின்மேல் குவிக்கிற கண்ணாடி வடிவம் சரியாக இருந்தால், 500 லூமென் விளக்கு, டார்ச் லைட் போல வட்டமாக அடிக்கிற 2000 லூமென் விளக்கைவிட நன்றாக வழிகாட்டும்.

இந்த விஷயத்தில் ஜெர்மானியர்களின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அந்நாட்டுச் சாலைப் போக்குவரத்து விதிகள் சைக்கிள் விளக்கையும் காரின் தாழ்வொளியைப் போலவே நடத்துகின்றன: ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்க வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணுக்கு வெளிச்சம் ஏறக்கூடாது, முன்விளக்கு மினுக்மினுக்கென்று கண் சிமிட்டவும் கூடாது. இந்த விதிக்குட்பட்ட விளக்குகளின் பெட்டியில் லூமெனைவிட லக்ஸ்தான் பெரிய எழுத்தில் இருக்கும். நம் ஊரில் அப்படிப்பட்ட விதி எதுவும் சைக்கிள் விளக்கைக் கட்டுப்படுத்துவதாகத் தெரியவில்லை. ஆனாலும் இப்படி மேல்விளிம்பு வெட்டப்பட்ட விளக்குகள் இணையத்தில் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடத்தான். பெரியவரின் பேச்சைக் கேட்ட மறுமாதம் நானும் ஒன்று வாங்கினேன்.

எவ்வளவு வெளிச்சம் போதும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நொடிக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர் நகர்கிறார். எதிரே கிடக்கிற எருமையைக் கண்டு, அது எருமைதான் என்று மூளை ஒப்புக்கொண்டு, விரல் பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகுமென்றால் அதற்குள் பத்து மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்து நிற்பதற்கு மேலும் ஐந்து மீட்டர். ஆகப் பதினைந்து மீட்டர். அதே ஆள் ஏற்காடு மலையில் இறங்கும்போது 40 கிலோமீட்டர் வேகத்துக்கு விட்டால், இந்தக் கணக்கு முப்பது மீட்டரை நெருங்கிவிடும். சாலை ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். தெருவிளக்கு எரிகிற நகரத்துக்குள் நம்மை மற்றவர்கள் பார்த்தால் போதும், அதற்கு நூறு, இருநூறு லூமென் தாராளம். தெருவிளக்கில்லாத நெடுஞ்சாலைக்கு நல்ல கற்றையுள்ள 400 முதல் 600 லூமென் வரை எனக்குப் போதுமாக இருக்கிறது. இறக்கத்துக்கு அதற்கு மேலும் வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

விளக்கை எங்கே மாட்டுவது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தலைக்கவசத்தில் விளக்கு கட்டிக்கொள்வது வசதியாகத் தோன்றும். திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் வரும். ஆனால் விளக்கும் கண்ணும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருப்பதால், குழியின் நிழல் குழிக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். சாலை முழுதும் தட்டையாக, வெள்ளைத்தாள் போலத் தெரியும். விளக்கு கண்ணுக்குக் கீழே, ஹேண்டில்பாரிலோ அதற்கும் கீழே, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேற்பகுதியிலோ இருந்தால், வெளிச்சம் சாய்வாகத் தரையை வருடிப் போகும். பெயிண்ட் அடிக்காத வேகத்தடைக்குப் பின்னால் ஒரு கரிய பட்டை நீளும், ஒரு கைப்பிடிக் கல்லுக்குக்கூட முழ நீள நிழல் விழும். இரவில் நாம் குழியைப் பார்ப்பதில்லை, அதன் நிழலைத்தான் பார்க்கிறோம். ஹேண்டில்பாரில் பை கட்டிச் செல்கிறவர்கள் ஃபோர்க்கில் மாட்டுவதே நல்லது. பையின் நிழல் முன்சக்கரத்துக்கு முன்னால் விழுந்து பாதிச் சாலையை விழுங்கிவிடும்.

சாய்வை நான் வீட்டுச் சுவரில் சரிபார்க்கிறேன். விளக்கு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்தி, சுவரில் விளக்கின் உயரத்தில் ஒரு சுண்ணாம்புக்கோடு போட்டு, கற்றையின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் கீழே விழும்படி விளக்கைக் குனிய வைத்தால், வெளிச்சம் முப்பது மீட்டர் வரை போய்த் தரையைத் தொடும். வண்டியின்மேல் ஆள் உட்கார்ந்திருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். ரப்பர் பட்டையால் கட்டுகிற விளக்குகள் ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் தொங்கப்போடும் என்பதால், அலன் சாவி கொண்டு இறுக்குகிற பிடியையே நான் விரும்புகிறேன்.

பேட்டரி விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். 300 கிலோமீட்டர் பிரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றில் கலந்துகொண்டேன். இருபது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய தூரம் அது. காலை ஆறுக்குத் தொடங்கினால் அதிகாலை இரண்டு மணி வரை நேரம் உண்டு, ஆக இருட்டில் மட்டும் ஏழெட்டு மணி நேரம் ஓட்ட வேண்டி வரலாம். வண்டியில் உறுதியாகப் பொருத்திய முன்விளக்கும் பின்விளக்கும், உடம்பில் ஒளியைப் பிரதிபலிக்கும் சட்டையும் இல்லாமல் இரவில் ஓட்ட இத்தகைய பயணங்களில் அனுமதி கிடையாது. நடு அளவில் வைத்தால் பத்து மணி நேரம் எரியும் என்று பெட்டியில் எழுதியிருந்த விளக்கோடு போனேன். திண்டிவனத்தைத் தாண்டித் திரும்பி வரும்போது, மூன்று மணி நேரத்திலேயே வெளிச்சம் மெல்ல ஒடுங்கியது; விளக்குதான் காரணம் என்று தோன்றவில்லை, களைப்பில் என் கண்தான் மங்குகிறது என்று நினைத்தேன். பிறகு ஒரே நொடியில் அணைந்தது. லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலையின் ஓரத்தில், கைபேசி வெளிச்சத்தில் பையைத் துழாவிக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

பிற்பாடுதான் அந்தப் 'பத்து மணி நேரத்தின்' சூட்சுமம் புரிந்தது. டார்ச் வகை விளக்குகளுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுமுறையில், தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரிகிற நேரம் முழுவதையும் ஓடுநேரம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 600 லூமெனில் தொடங்கி 60 லூமெனுக்கு இறங்கிய பிறகும் அது 'எரிகிறது' என்றுதான் பொருள். ஆகையால் பெட்டியை விட்டுவிட்டு நாமே கணக்குப் போடுவது நல்லது. விளக்குகளில் பரவலாக இருக்கிற 18650 வகை பேட்டரியின் பெயரே அதன் அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதில் 2600 எம்ஏஎச், அதாவது 2.6 ஆம்பியர்மணி கொள்ளளவு என்றால், 3.7 வோல்ட்டால் பெருக்க 9.6 வாட்மணி வரும். வாட்டுக்கு நூறு லூமென் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 1000 லூமெனுக்குப் பத்து வாட் வேண்டும். ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது. 300 லூமெனில் வைத்தால் மூன்று மணி நேரம். ஒற்றை பேட்டரி போட்ட சின்ன விளக்கு 1000 லூமெனில் ஐந்து மணி நேரம் எரியும் என்று யாராவது விற்றால், அந்த இரண்டு எண்களில் ஒன்று பொய்.

பவர் பேங்க் உதவும், ஆனால் சில விளக்குகள் சார்ஜ் ஏறும்போது எரியவே மறுக்கும்; வாங்கிய அன்றே இதைச் சோதித்துவிட வேண்டும். மேலும், தண்ணீர் புகாது என்று தருகிற ஐபிஎக்ஸ் தரமெல்லாம் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி அழுத்தி மூடியிருக்கும்போதுதான் பொருந்தும். மழையில் மூடியைத் திறந்து ஒயரைச் செருகினால் அந்தத் தரத்துக்கு அர்த்தமில்லை.

இந்தக் கணக்குகளிலிருந்தெல்லாம் விடுதலை வேண்டுமென்றால் டைனமோதான் வழி. என் அப்பா காலத்து சைக்கிளில் டயரில் உரசி 'கிர்'ரென்று பாடுகிற டைனமோ இருந்தது. அதைத் தட்டிவிட்டால் மிதி கனத்துப்போகும், வேகமாக மிதித்தால் பல்பு பளிச்சென்று எரியும், நின்றால் இருட்டு. அன்று விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடித்து அபராதம் போடுவார்களாம். அப்பா அதற்குப் பயந்து, டைனமோ பழுதான நாட்களில் காவல் நிலையம் இருக்கும் தெருவில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவாராம். இப்போது முன்சக்கரத்தின் நடுவிலேயே பொதிந்த டைனமோக்கள் ஷிமானோ போன்ற நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. ஆறு வோல்ட்டில் மூன்று வாட் தருகின்றன, சத்தமே இல்லை, நின்ற பிறகும் சில நிமிடம் மங்கலாக எரிவதற்கு விளக்குக்குள்ளேயே சிறு மின்தேக்கி இருக்கிறது. ஆனால் சக்கரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்குக் கை தேர்ந்த மெக்கானிக் வேண்டும். நான் இன்னும் துணியவில்லை. இரண்டு விளக்குகளை மாட்டி, ஒன்றை மட்டும் எரியவிட்டு ஓட்டுகிறேன்.

மழை பெய்த இரவில் எந்த விளக்கும் பாதிதான் வேலை செய்யும். ஈரத் தார்ச்சாலை கண்ணாடிபோல் வெளிச்சத்தை நமக்கு எதிர்ப்புறமாகத் தெறித்துவிடுவதால், நம் கண்ணுக்குத் திரும்பி வருவது மிகக் குறைவு. விளக்கு கெட்டுவிட்டதோ என்று தோன்றும். அப்போது அளவைக் கூட்டுவதால் பெரிய பயன் இல்லை. இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பார்த்தபடி மெதுவாகப் போவதே வழி. எதிரே லாரி டிம் அடிக்காமல் வந்தாலும் அதே கோடுதான் துணை.

ஐப்பசி மழை விட்ட மாலைகளில் இன்னொரு தொல்லை உண்டு, அதற்கு நான் இன்னும் தீர்வு காணவில்லை. ஈசல். வயல்வெளிப் பகுதியில் ஒரு மூலையைத் திரும்பினால் போதும், வெளிச்சக்கற்றை முழுவதும் சிறகுகளாக மாறிவிடும். தலைக்கவசத்தில் விளக்கு கட்டியிருந்த நண்பர் ஒருவர் ஒருமுறை அவற்றில் நான்கைந்தை விழுங்கியே விட்டார். ஹேண்டில்பார் விளக்கு என்றால் ஈசல் மார்பளவில் மோதும், அவ்வளவுதான் வித்தியாசம். வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து, நிறமில்லாத கண்ணாடியை அணிந்து, வாயை இறுக மூடிக்கொண்டு அந்த அரைக் கிலோமீட்டரைக் கடந்துவிடுகிறேன்.