இணையம் வருமா என்று மட்டும் கேட்காதீர்கள்

கிராமப்புறத்துக்குக் குடிபெயர முடிவெடுத்தபோது தண்ணீர், மின்சாரம், சாலை என எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்த நான், வீட்டிலிருந்தே வேலை செய்பவனாக இருந்தும், இணையத்தைப் பற்றி “இங்கே வருமா?” என்று மட்டுமே கேட்டேன். வரும் என்றார்கள், வந்தது. காலையில் நொடிக்கு 40 மெகாபிட் காட்டிய அந்த 4ஜி இணைப்பு, வட்டாரமே ஒரே கோபுரத்தை மொய்க்கும் இரவு எட்டு மணிக்கு மூன்றுக்கு இறங்கியது. வீடு பார்க்கப் போகிறவர்கள் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, அதுவும் வேலை செய்யப்போகும் அறைக்குள்ளேயே நின்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்பேன். எங்கள் வீட்டில் ஜன்னலோரம் முழுதாக இருந்த சிக்னல், நான்கடி உள்ளே வந்ததும் ஒற்றைக் கோடாகிவிட்டது.

இணைய நிறுவனங்களின் சேவை வரைபடத்தில் நம் ஊர் வண்ணமிட்டிருப்பதை நம்பிவிடக் கூடாது. அது பெரும்பாலும் கணக்கிட்டு வரைந்த மதிப்பீடுதான். ஊருக்குள் ஃபைபர் எனும் கண்ணாடியிழைக் கம்பி இருப்பது வேறு, நம் வாசல் வரை அதை இழுத்துத் தருவது வேறு. ஆகவே பக்கத்து வீட்டில் எந்த இணைப்பு இருக்கிறது, மழைக்காலத்தில் எத்தனை நாள் அறுந்துகிடந்தது என்று விசாரிப்பதே மேல். பழைய செம்புக் கம்பி வழியே வரும் இணைப்பானால், தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். சில கிலோமீட்டர் தாண்டினால் அதிவேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

செயற்கைக்கோள் இணைப்பில் எல்லாம் ஒன்றல்ல. வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், நாம் அனுப்பும் தகவல் மேலே போய், தரைநிலையத்தை அடைந்து, பதில் அதே வழியில் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். படம் பார்க்க அது போதும், காணொளிக் கூட்டத்திலோ ஒருவர் பேச்சின் மீது மற்றவர் பேச்சு ஏறிக்கொண்டே இருக்கும். ஸ்டார்லிங்க் போன்ற சேவைகளின் செயற்கைக்கோள்கள் அதைவிட மிகத் தாழ்வாகவே சுற்றுவதால் இந்தத் தாமதம் பெருமளவு குறைகிறது. ஆனால் வீட்டில் வைக்கும் அதன் தட்டு ஆன்டெனாவுக்கு வானம் மறைவின்றித் தெரிய வேண்டும். ஒரு மரக்கிளை குறுக்கே நின்றாலும் இணைப்பு நொடிக்கணக்கில் விட்டுவிட்டு வரும்.

கூரையில் ஆன்டெனா வைத்துக் கோபுரத்தை நேராகப் பார்க்கும் கம்பியில்லா இணைப்பு எனக்குக் கைகொடுத்தது. அதைப் பொருத்துவதற்கு முன், இடையில் இருக்கும் மரங்கள் இலை அடர்ந்து நனைந்திருக்கும் நாளில் ஒருமுறை சோதித்துத் தரும்படி கேட்டு வாங்கினேன். பதிவேற்ற வேகத்தையும் அப்போதே எழுதி வாங்கிக்கொண்டேன். விளம்பரங்களில் வருவது பதிவிறக்க வேகம்தான், நம் முகமும் கோப்புகளும் போக வேண்டியதோ எதிர்த்திசையில்.

மின்வெட்டு நேரத்துக்கு மோடத்தையும் ரவுட்டரையும் சிறிய யுபிஎஸ் ஒன்றில் மாட்டியிருக்கிறேன். கோபுரத்துக்கே மின்சாரம் நின்றுபோகும் நாளுக்காக, வேறொரு திசையிலுள்ள கோபுரத்தைப் பிடிக்கும் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று அந்த ஜன்னலோரத்தில் தயாராக இருக்கிறது.