ஆந்திரமேடாவின் ஓரத்தில்

நவம்பர் 2

ஒரு வாரமாக மேகம், நம் பக்கத்து கேலக்ஸியான ஆந்திரமேடாவை நேரில் பார்க்க வழியில்லை. அதனால் லேப்டாப்பில் பார்க்கிறேன். ஹவாயில் மௌனா கேயா மலைமேல் உள்ள தொலைநோக்கியால் 2008 முதல் 2011 வரை அந்த கேலக்ஸியைச் சுற்றி ஏறத்தாழ 400 சதுர டிகிரி வானத்தைப் படம்பிடித்தார்கள், அந்த ஆய்வுக்கு பாண்டாஸ் என்று பெயர். இரண்டாயிரம் முழுநிலாக்களைப் பரப்பி வைக்கலாம், அவ்வளவு இடம். அந்த விண்மீன் பட்டியலை இறக்கி, நிறத்துக்கும் பிரகாசத்துக்கும் வரைபடம் போட்டேன். வெளியே போகப் போக விண்மீன்கள் சிவந்துகொண்டே போகின்றன! சிவப்பென்றால் உலோகம் அதிகம் (ஹீலியத்துக்கு மேலே எல்லாமே வானியலாளருக்கு உலோகம்தான்). வெளியே போகப் போக உலோகம் குறையும் என்றுதான் படித்திருக்கிறேன், இது நேர்மாறு. தூக்கம் போச்சு.

நவம்பர் 3

அந்தச் சிவப்பு ஆந்திரமேடாவுடையதே இல்லை. நம் பால்வீதியின் குட்டிச் சிவப்பு விண்மீன்கள், வழியில் குறுக்கே நிற்பவை. ஓரத்துக்குப் போனால் ஆந்திரமேடாவின் விண்மீன்கள் அருகிவிடும், நம்முடையவை குறையாது, பால்வீதித் தளம் இருக்கும் வடக்குப் பக்கம் இன்னும் கூடும். கழித்துவிட்டுத்தான் வரைந்திருக்க வேண்டும். சரி, வெட்கப்பட்டு முடித்தாயிற்று.

நவம்பர் 6

கழித்த பிறகு கதை நேராகிறது. 2014இல் வானியலாளர் இபாட்டாவின் குழு வெளியிட்ட கணக்குப்படி மையத்திலிருந்து சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டில் சராசரி உலோகம் சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு, ஐந்து லட்சம் ஒளியாண்டுக்குப் போனால் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் இந்தச் சராசரியை நான் பெரிதாக நம்பவில்லை. தெற்கே 2001இல் கண்டுபிடித்த ராட்சத ஓடை இருக்கிறதே, ஆந்திரமேடா விழுங்கிய ஒரு சிறு கேலக்ஸியின் மிச்சம், அதன் மேல் ஒரு கட்டம் போட்டால் உலோகம் நிறைந்த கூட்டம், அதே தூரத்தில் வேறு திசையில் போட்டால் ஏழைக் கூட்டம். தூரம் பாதி சொல்கிறது, மீதியை எது வந்து விழுந்தது என்பதுதான் சொல்கிறது.

நவம்பர் 11

விண்மீன்களின் வயதுதான் தலைவலி. சிவப்புப் பெருமீனை (வயதாகி ஊதிப் பெருத்த விண்மீன்) பொறுத்தவரை உலோகம் கூடினாலும் சிவக்கும், வயது கூடினாலும் கொஞ்சம் சிவக்கும், நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் சூரியன் மாதிரி சாதாரண விண்மீன்கள் வரை பார்க்க வேண்டும், 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில்! ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி ஒரே இடத்தை மொத்தம் மூன்றரை நாள் உற்றுப் பார்த்துத்தான் அதைச் செய்தது. மையத்திலிருந்து சுமார் 36,000 ஒளியாண்டில், கிழவர்கள் மட்டுமே இருப்பார்கள் என்று நினைத்த இடத்தில், ஏறத்தாழ 30 விழுக்காடு 600 முதல் 800 கோடி வயதுக்காரர்கள், அதுவும் உலோகம் நிறைந்தவர்கள் என்று 2003இல் பிரவுன் குழு எழுதியது. பால்வீதியின் ஹாலோ (கேலக்ஸியைச் சுற்றி வெளியே பரவிக் கிடக்கும் விண்மீன்கள்) பெரும்பாலும் கிழவர்கள் ஊர், பக்கத்து வீடு அப்படி இல்லை.

நவம்பர் 12

மேகம் விலகியது. இருநோக்கியில் பார்த்தேன், மங்கலான ஒரு திட்டு, அவ்வளவுதான். அந்த ஓடை இதற்குத் தெற்கே எங்கே தொடங்கும் என்று விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.