பொம்மை நாய்க்கு முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய்

காரைக்குடிப் பக்கம் கால்நடை நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன், கிளினிக் வேலை போக மிச்ச நேரத்தில். புதிதாகப் பயிற்சி மையம் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மாடல் வாங்கலாம் மேடம்?" என்றுதான். இதயம் துடிக்கிற, மூச்சு விடுகிற வெளிநாட்டு பொம்மை நாய். அந்தக் காசுக்கு நல்ல கறவை மாடே வாங்கிவிடலாம்.

பொம்மை கூடாது என்று சொல்லவில்லை. ஊசி பிடிக்கவே வராத கை, உயிருள்ள நாயின் முன்னங்காலில் ரத்தக்குழாய் தேடிக் குத்திக் குத்திப் பழகுவது பாவம். ஆனால் அதற்கு லட்சங்கள் எதற்கு? சைக்கிள் வால்வு டியூப்பில் சிவப்புத் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் கட்டி, பஞ்சு மெத்தைத் துண்டில் வைத்து, மேலே பழைய கைப்பையின் மெல்லிய தோலைப் போர்த்தினால் போதும். ஊசி உள்ளே இறங்கும்போது சட்டென்று தடை விலகும், பின்னாலேயே சிவப்பு எட்டிப் பார்க்கும். அந்த உணர்வு விரலுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தையலுக்கும் கட்டுப் போடவும் கறிக்கடையில் ஆட்டுக்கால். தீயில் வாட்டாததாகக் கேட்டு வாங்க வேண்டும், தோல் இருந்தால்தான் பயிற்சி. பாயா வைக்காமல் எதற்கு என்று கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

பொம்மையிடம் கிடைக்காதது வேறு. ஒரு மையத்தைப் பழைய செட்டியார் வீட்டில் வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். வளவு முழுக்க ஆத்தங்குடிக் கல், மினுமினுவென்று. பார்க்க அழகுதான், ஆனால் நாயே அதில் வழுக்குகிறது, மாட்டை எப்படி நிறுத்துவது? கழுவிவிடக் குழாயும் இல்லை. ஏசி வகுப்பறை மட்டும் இருந்தது.

மாட்டை நிறுத்தி, கிட்டே போகத் தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஒரு கிராமத்தில் மாணவி ஒருத்தி மாட்டின் பின்பக்கமாகவே போய் நின்றாள். மாட்டுக்காரப் பெரியவர், "ஏத்தா, பின்னால நிக்காத, தோள்பட்டைப் பக்கம் வந்து தடவிக் குடு, அது உன்னப் பாக்கட்டும்" என்றார். நான் வகுப்பில் அரை மணி நேரம் பேசியதை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். ஆசனவாய் வழியாக வைக்கிற தெர்மாமீட்டரும் அப்படித்தான். நுனி குடல் சுவரைத் தொடாமல் சாணிக்குள் சொருகியிருந்தால் காய்ச்சல் மாட்டுக்கும் சூடு குறைவாகக் காட்டும். சாதாரணமாக மாட்டுக்கு 101.5 டிகிரி பாரன்ஹீட் வாக்கில் இருக்க வேண்டும் என்று பரீட்சையில் சரியாக எழுதுகிற பிள்ளைகள்தான் இதில் கோட்டை விடுகிறார்கள்.

அப்புறம், விலங்கைத் தொடுவதற்கு முன்பே மாணவர்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கன்று வீசிய, அதாவது கரு கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியைக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது, கரு கலைய வைக்கிற புருசெல்லா என்கிற கிருமி மனிதருக்கும் ஒட்டும். இதில் சிக்கனம் பார்க்கிற இடத்தில் நான் வகுப்பு எடுப்பதில்லை.

ஆகவே மாடல் கேட்கிறவர்களுக்கு என் பட்டியல்: சொரசொரப்பான சிமெண்ட் தரை, தண்ணீர்க் குழாய், நல்ல வெளிச்சம், மாட்டை நிறுத்தி வைக்கிற இரும்புச் சட்டம். சட்டத்தை வெல்டிங் பட்டறையிலேயே அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். பக்கக் கம்பி மட்டும் கழற்ற வருகிற மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே மாடு படுத்துவிட்டால் வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.