தூண்களைக் கழித்தால்

எங்கள் ஊர்க் கணக்கு மாஸ்ரரின் மறைவுச் செய்தி வந்த ஒரு மாதத்துக்குள், பாடசாலை ஒழுங்கையின் முகப்பில் அவர் பெயரில் ஒரு வளைவு கட்டுவதென்று வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தில் முடிவாகிவிட்டது. அஞ்சலி உரைகளில் 'சமூக சேவையாளர்' என்ற சொல் ஓயாமல் வந்தது. அந்தச் சேவை என்ன வேலை என்று எவரும் சொல்லவில்லை. இந்த நினைவு மலரிலாவது அது கிடக்கட்டும்.

உருளையின் கனவளவை அவரிடம் படித்தவர்களுக்கு, விட்டத்தை ஆரையென்று போட்டவனுக்கு என்ன நடக்குமென்று விளக்கத் தேவையில்லை. அன்று வாங்கில் ஏறி நின்றவர்கள் இன்று மூன்று கண்டங்களில் இருக்கிறார்கள். "நாலு மடங்கு மருந்து ஊத்திப்போட்டாய், இனிச் சனம் குடிக்கட்டும்!" என்ற அந்த வசை பாடப்புத்தகத்தில் இல்லாதது. ஊர்க் கிணறுகளுக்குக் குளோரின் போடும் கணக்கிலிருந்து வந்தது.

3 மீற்றர் விட்டம், 2 மீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 14,000 லீற்றர். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் வெளிற்றும் தூள் வீதம் 35 கிராம். பங்குனியில் அளந்த ஆழம் மார்கழிக்கு உதவாது. ஒவ்வொரு முறையும் கயிறு விட்டுப் பார்க்க வேண்டும். தூளை வாளியில் களிபோலக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் அடைய விடுவார். தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு வடித்து, கிணற்றில் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழும் அசைப்பது. அடியில் நிற்பது சுண்ணாம்பு. எங்கள் சுண்ணக்கல் தண்ணீருக்கு அது வேறு தேவையா? பிறகு ஒரு மணித்தியாலம் யாரும் அள்ளக்கூடாது. கலங்கல் தெளியாமல் போட்டால் மருந்தை அழுக்கே குடித்துவிடும். பையைத் திறந்தபடி வைத்தால் தூளின் வீரியம் போய்விடும். கணக்குச் சரி, கிணறு பிழை.

கிராமச் சபையில் வட்டார உறுப்பினராக இருந்தபோது செய்ததும் இதுதான், சபை போன பிறகு செய்ததும் இதுதான். 1981 இல் கிராமச் சபைகள் இல்லாமற் போயின. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தில் அவற்றுக்கு வாக்குப்பெட்டி வந்தது 1998 இல். சோலை வரியும் (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரி) சந்தைக் குத்தகையும் கையில் இல்லாத அந்தப் பதினேழு வருடமும் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை மேசைதான் சபை.

ஆனால் அவர் அதிகம் வென்றதும் அதிகம் தோற்றதும் ஒழுங்கைகளில். எட்டடியைப் பன்னிரண்டடியாக்க இரு பக்கமும் இரண்டிரண்டடி வேண்டும். முதலில் நாடா பிடித்து, காணிகளின் வரைபடங்களோடு ஒப்பிடுவார். பிறகு கையெழுத்து. வரிசையாக வீடு வீடாகப் போகமாட்டார். எதிரெதிர் வீடுகளைச் சோடியாகத்தான் கேட்பார். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் கதை வழக்கில் போய் முடியும். எல்லாம் ஐப்பசிக்கு முன் முடிய வேண்டும், மாரியில் நட்டால்தான் கதியால், அதாவது உயிர்வேலித் தடி, தளிர்க்கும். கோடையில் பிடுங்கி நட்டால் பட்டுப்போகும். வேலி பட்டவன் அடுத்த முறை நாயை அவிழ்த்துவிடுவான்.

வேலியென்றால் பிடுங்கி நடலாம். மதிலை என்ன செய்வது? நாங்கள் அனுப்பிய காசில் எழுந்த மதில்கள் பழைய எட்டடிக் கோட்டிலேயே நிற்கின்றன, சில இடங்களில் அரையடி வெளியே வந்தும். தண்ணீர் பவுசர் திரும்ப முடியாத மூலைகளில் நிற்பவை யாருடைய மதில்கள் என்று மலர் வாசகர்களுக்குத் தெரியும். அதற்காக அவர் எவரையும் வாங்கில் ஏற்றவில்லை. காணிச் சொந்தக்காரர் என்ற முறையில் சம்மதக் கடிதம் கேட்டு எழுதினார். நாங்கள் வாசிகசாலைக்கு நன்கொடை அனுப்பினோம். பற்றுச்சீட்டு தவறாமல் வந்தது.

வளைவின் வரைபடம் இப்போது எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. இரு பக்கமும் ஒவ்வொரு தூண், தூண் ஒன்றுக்கு இரண்டடி அகலம். பாடசாலை ஒழுங்கை, அவர் சோடி சோடியாகக் கையெழுத்து வாங்கிப் பன்னிரண்டடியாக்கியது. இரு கரையிலும் மதில். தூண்கள் ஒழுங்கைக்குள்தான் இறங்க வேண்டும். மிச்சம் எட்டடி.