4 கிலோ 700 கிராம்

காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது இடது கை மோதிர விரலைத்தான். ராத்திரி தூக்கத்தில் மடங்கினது மடங்கினபடியே கிடக்கும். வலது கையால் பிடித்து மெதுவாக நிமிர்த்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்கு அப்புறம்தான் விரல் நம் பேச்சைக் கேட்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தால் ஓரளவு இளகிவிடும். "பழைய பூட்டு மாதிரி ஆயிருச்சுங் உங்க கை" என்று வீட்டில் சொல்கிறாள். டாக்டர் அதற்கு டிரிகர் ஃபிங்கர் என்று பெயர் சொன்னார். விரலை மடக்குகிற தசைநாண் உள்ளங்கைப் பக்கம் சின்ன வளையங்களுக்குள் ஓடுகிறதாம். அங்கே தடித்துப்போனால் நாண் போக வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். சுகர் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். எனக்குச் சுகர் வந்து 9 வருடம். ஊசி போட்டால் சரியாகலாம், ஆனால் ஸ்டீராய்டு ஊசி என்பதால் சில நாளைக்குச் சுகர் ஏறும் என்றார். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவன்தான், இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மற்றவர்களுக்கு இது சட்டைப் பட்டன் போடுகிற கஷ்டம். எனக்கு அப்படி இல்லை. கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டுவது என் பிழைப்பு, 1989-இலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார், அதாவது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கிற கிட்டார், வாசிப்பது என் இன்னொரு பிழைப்பு. இரண்டுக்கும் விரல்தான் முதலீடு.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கடந்த மூன்று வருடமாக மேடையில் நான் நோட்டுகளை முழுங்கிக்கொண்டு இருந்தேன். மோதிர விரல் போக வேண்டிய இடத்தில் போகாமல் விட்டுவிடுவேன், அல்லது அந்த நோட்டை ஒரு ஸ்தாயி தள்ளி, கைக்கு எட்டுகிற இடத்தில் பிடித்துவிடுவேன். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது என்று ஒரு தைரியம். வேறு பாட்டாக இருந்தால் தெரியாதுதான். ஆனால் நம் ஊர் நோம்பிகளில், அதாவது கோயில் திருவிழாக்களில், ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட்பதெல்லாம் எண்பதுகளின் ராஜா பாட்டு. அவர் பேஸுக்கென்று தனியாக ஒரு மெட்டே எழுதி வைத்திருப்பார். அதை அவருடைய பேஸ்காரர் சசிதரன் வாசித்து வைத்ததைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஜனங்கள் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வயலில் மடை திருப்புகிற ஆள்கூட அந்த பேஸை வாயால் 'தும் தும்' என்று பாடுவார். அங்கே போய் நாலு நோட்டை முழுங்கினால் சாப்பாட்டில் உப்பு இல்லாத மாதிரி, என்ன குறை என்று சொல்லத் தெரியாது, குறை மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் பட்டறையில் மூன்று பேஸ்காரர்கள் கூடுவோம். பொள்ளாச்சி அண்ணனுக்கு 64, கோபிக்காரருக்கு 61, எனக்கு 57. முன்பெல்லாம் எந்த ஆம்ப், எந்த ஸ்ட்ரிங் என்று பேசுவோம். இப்போது எந்த மாத்திரை, எந்தத் தைலம். கோபிக்காரருக்கு வலது கைக் கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்துபோயிருக்கிறது. விரலால் மீட்டுவதை விட்டு பிக் என்கிற சின்ன வில்லையைப் பிடித்து வாசிக்கிறார், அதுவும் கட்டைவிரலுக்கு அழுத்தம் வராமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டி பிக் மேலே ஒட்டி தடிமனாக்கி வைத்திருக்கிறார். பிக் வைத்து வாசித்தால் பேஸ்காரன் இல்லை என்று ஒரு காலத்தில் பெரிதாகப் பேசியவரே அவர்தான். அமெரிக்காவில் கரோல் கே என்கிற அம்மா பிக் வைத்தே ஸ்டுடியோக்களில் ஆயிரக்கணக்கான ரெக்கார்டிங் வாசித்தவர் என்று இப்போது அவரே எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்.

பொள்ளாச்சி அண்ணன் ஒரு வாரம் வரும்போது தோளில் சின்னதாக ஒரு பை. திறந்தால் குட்டை நெக் பேஸ். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். என்னங்ணா, பேரனுக்கு வாங்கினதுங்களா என்று நான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "வாசிச்சுப் பாருங் தம்பி, வாசிச்சா ஒண்ணும் கொறைஞ்சுராது" என்று என் மடியில் வைத்தார். நான் தொடவில்லை. பெரிய பேஸ் வாங்க முடியாத பொடிசுகளும், கை சின்னதாக இருக்கிறவர்களும் எடுப்பது குட்டை நெக் என்பது 30 வருடமாக என் மண்டையில் ஏறிக் கிடக்கிற நினைப்பு. அவரோ அதை என் பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்றார், நாலு வாரம் எடுக்கவில்லை. வேண்டுமென்றே செய்தார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அளக்காமல் எதையும் நம்பாதவன் நான். இரும்பு ஸ்கேலை எடுத்தேன். என் பேஸில் கம்பி அதிர்கிற நீளம் 34 அங்குலம், அவருடையதில் 30. நாலு அங்குலம்தானே என்று தோன்றும். நெக்கில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட். முதல் ஃபிரெட்டிலிருந்து நாலாவது ஃபிரெட் வரை அளந்தால் என்னுடையதில் 5.1 அங்குலம், அவருடையதில் 4.5. என் மோதிர விரல் மாட்டிக்கொள்வது இந்த அரை அங்குலச் சொச்சத்தில்தான். அது மட்டும் இல்லை, ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் 30 அங்குலத்தில் இழுவை 100-க்கு 22 பங்கு குறைவு. இழுவை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, மோட்டார் வேலை தெரிந்தவனுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை. அப்புறம் செம்புக் கம்பி எடைபோடுகிற தராசில் இரண்டையும் வைத்தேன். அவருடையது 3 கிலோ 100 கிராம். என்னுடையது 4 கிலோ 700 கிராம். இத்தனை வருடமாக இதை இடது தோளில் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் நின்றிருக்கிறேன். தோள்பட்டை எதனால் வலிக்கிறது என்று எக்ஸ்ரே வேறு எடுத்தேன்.

அந்த 34 அங்குலத்தை யார் முடிவு செய்தது என்று தேடிப் படித்தேன். 1951-இல் லியோ ஃபெண்டர் முதல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்த அளவு அது. ஆள் உயரத்துக்கு நிற்கிற டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு 34 அங்குலமே பெரிய விடுதலை. அந்த மனிதர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கிட்டார் வாசிக்கவே தெரியாது. நம்மைப் போல ஒரு பட்டறைக்காரர் எளிதாக இருக்கட்டும் என்று வைத்த அளவைப் பிடித்துக்கொண்டு அதுதான் ஆம்பளை அளவு என்று நான் வீம்பு பண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். பீட்டில்ஸ் பேஸ்காரர் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் 30 அங்குலம்தான். 1972-இல் திருடுபோய், 2024-இல் திரும்பக் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்ததே, அதே பேஸ்தான். அந்த வகையை வயலின் மாதிரி உள்ளே குடைவாகச் செய்திருப்பார்கள், எடையே இருக்காது. 80 வயதைத் தாண்டியும் அவர் மேடையில் நின்று பாடிக்கொண்டே வாசிக்கிறார். அவரிடம் போய் பேரனுக்கு வாங்கினதுங்களா என்று யாராவது கேட்பார்களா?

சரி, எடுத்து வாசித்தேன். முதல் இரண்டு நாள் பிடிக்கவே இல்லை. விரல் பழக்கத்தில் தள்ளிப் போய் ஃபிரெட் கம்பியின் மேலேயே விழுந்தது. இருப்பதிலேயே தடித்த கம்பியான கீழ் ஈ ஸ்ட்ரிங் தொளதொளவென்று, கொடிக்கயிறு மாதிரி ஆடியது. அதுதான் குட்டை நெக்கின் உண்மையான குறை, இன்றைக்கும் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. அப்புறம் ஸ்ட்ரிங்கை மாற்றினேன். நாம் சாதாரணமாகப் போடுவது ரவுண்ட் வவுண்ட், உள்ளே இருக்கிற எஃகுக் கம்பியின் மேல் உருண்டைக் கம்பி சுற்றியது. அதில் விரல் உரசினால் கீச்சென்று சத்தம், விரல் நுனியும் தேயும். ஃபிளாட் வவுண்டில் பட்டையான நாடாவைச் சுற்றியிருப்பார்கள். தொட்டால் வழவழவென்று இருக்கும், பொதுவாக விறைப்பும் கூடுதல். அதைப் போட்டதும் ஈ ஸ்ட்ரிங்கின் ஆட்டம் பாதி அடங்கியது. குட்டை நெக்குக்கென்று வருகிற செட்டைத்தான் வாங்க வேண்டும். நீளமானதை வாங்கி வெட்டிப் போட்டால் தடித்த பகுதி போய் முறுக்காணியில் சுற்றிக்கொள்ளும், சுற்று பிரிந்து ஸ்ட்ரிங் செத்துவிடும். ஒரு செட் அப்படி வீணாக்கிவிட்டுத்தான் சொல்கிறேன்.

சத்தம் மாறியது. 'ணங்' என்பது போய் 'தும்' என்று உருண்டு வருகிறது. பழைய சினிமாப் பாட்டுக்கு இதுதான் பொருத்தம் என்று கோபிக்காரர் சொன்னார். அமெரிக்காவில் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஃபிளாட் வவுண்டைப் போட்டு, அதை மாற்றாமலேயே, வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனை மோட்டவுன் பாட்டும் வாசித்தார் என்பது எங்கள் மூவருக்கும் மனப்பாடம். முன்பு ஆச்சரியத்துக்காகச் சொல்வோம், இப்போது ஆறுதலுக்காகச் சொல்கிறோம்.

விரலுக்கு இன்னொரு வழியையும் கோபிக்காரர்தான் காட்டினார். கீழ் ஃபிரெட்டுகளில் ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று விரித்து வைக்காமல், ஆள்காட்டி, நடு, சுண்டு மூன்றும் மட்டும். மோதிர விரல் சுண்டு விரலோடு ஒட்டிக்கொண்டு சும்மா கூடப் போகும். டபுள் பேஸ்காரர்கள் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்கிற பழக்கம், சிமாண்டல் என்கிற வாத்தியார் புத்தகம் போட்டுப் பரப்பியது. மாட்டிக்கொள்கிற விரலைத் தனியாக நடக்க விடாமல் கைப்பிடித்துக் கூட்டிப்போவது மாதிரி. 57 வயதில் விரல் வைப்பதை மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து படிப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ராத்திரி பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டுப் படித்தேன்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடையில் நான் நிற்பது எப்போதும் டிரம்ஸில் காலால் மிதிக்கிற ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட் பக்கம், அதனால் சிம்பல் சத்தம் முழுக்க என் வலது காதுக்குத்தான். டெஸ்ட் எடுத்தபோது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. என் பேஸின் கீழ் ஈ 41 ஹெர்ட்ஸ், அது நன்றாகவே கேட்கிறது. கேட்காமல் போவது ச, ஸ, ஷ மாதிரி உரசுகிற எழுத்துகள், அதாவது வீட்டில் சமையலறையிலிருந்து கூப்பிடுகிற வார்த்தைகள். "பேஸ் மட்டும் கேக்குது, நான் கூப்பிட்டா கேக்காதா" என்கிற சண்டைக்கு என்னிடம் மெடிக்கல் ரிப்போர்ட் இருக்கிறது, காட்டியும் பிரயோஜனம் இல்லை. 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100-க்குப் போனால் கால் மணி நேரம்தான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஜமாப் மேளக்காரர்கள் அடித்துவிட்டுப் போகிற மேடையில் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். இப்போது காதடைப்பான் போடாமல் ஏறுவதில்லை, தம்பிகளே, உங்களுக்கும் இதையே சொல்கிறேன், 25 வயதிலேயே போடுங்கள்.

ஆம்ப் கதை சின்னது. முன்பு 15 அங்குல ஸ்பீக்கர் போட்டு ஆசாரி செய்துகொடுத்த பலகைப் பெட்டி, குட்டியானையில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இப்போது இரண்டு கிலோ ஆம்ப் 500 வாட் தருகிறது. அதுவும் பாதி நாள் வேண்டியதில்லை, நேராக மிக்சருக்கே லைன் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் கோபி பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பி. வள்ளி கும்மி முடிந்து நாங்கள் ஏற பத்தரை ஆகிவிட்டது. குட்டை பேஸோடுதான் ஏறினேன். யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன், ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாவது பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு இறக்கம் வரும், எட்டு நோட்டு, கீழ் ஃபிரெட்டிலேயே. முழுசாக இறங்கி வந்தேன். புரோகிராம் முடிந்து ஒன்றரை மணிக்கு டீ குடிக்கும்போது டிரம்மர் தம்பி பக்கத்தில் வந்தான்.

"ஏனுங்ணா, இன்னைக்கு அந்த எறக்கம் முழுசா வந்துருச்சுங்."

எப்பவும் வாசிக்கிறதுதானே தம்பி என்றேன்.

"இல்லீங்ணா. மூணு வருசமா நான்தானுங் அங்க டாம்ல ரெண்டு அடி சேத்துப் போட்டுட்டு இருந்தேன்."

எனக்கு டீ இறங்கவில்லை. அவன் அதைச் சொல்லிவிட்டு ஸ்டாண்டு மடக்கப் போய்விட்டான். நான் போய் அவனுடைய சிம்பல் பையைத் தூக்கி வண்டியில் வைத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பழையது பட்டறைச் சுவரில் தொங்குகிறது. கம்பி அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற அதன் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் ஒரு தடவை செத்துப்போய், தலைமுடி தடிமன் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று நானே கையால் சுற்றிப் போட்டது, அதனால் விற்கும்போது அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். திருப்பூரிலிருந்து ஒரு பையன், 20 வயது இருக்கும், பார்க்க வருகிறேன் என்று போன் பண்ணியிருக்கிறான். எடை எவ்வளவுங்ணா என்று கேட்டான். சொன்னேன். அவ்வளவுதானுங்களா என்றான்.